ஒரு பிக்சலும் மாறாமல்: படக் கோப்புறையை இளைக்கவைத்த பதிவு

ஒரு திறமூல மென்பொருளின் பயனர் கையேட்டைப் பராமரித்து வருகிறேன். அதன் படக் கோப்புறை ஆண்டுக்கணக்கில் ஊதிப் பெருத்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட்டுகள், ஸ்கேன் செய்த பழைய பக்கங்கள், கருவிகளின் புகைப்படங்கள், பொத்தான்களுக்கு வரைந்த சின்னங்கள் என்று எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. கையேட்டைப் பதிவிறக்கும் ஒவ்வொருவரும் இந்த மூட்டையையும் சேர்த்தே சுமக்கிறார். மெதுவான இணைப்பில் இருப்பவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. எடையைக் குறைக்க வேண்டும், ஆனால் படத்தில் ஒரு பிக்சல்கூட மாறக் கூடாது என்று முடிவு செய்தேன். கையேட்டுப் படத்தில் எழுத்தின் ஓரம் மங்கினால் படிப்பவர் அந்தப் பொத்தானைத் தேடித் திணறுவார். அது எனக்குப் பொறுக்காது.

கருவிகள் அனைத்தும் திறமூலமாக இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. தரம் குறையாது என்று ஒரு மென்பொருள் சொன்னால், அது எதைத் தொடுகிறது, எதைத் தொடவில்லை என்று நிரலைத் திறந்து பார்க்க வழி இருக்க வேண்டும்.

சுருக்கத் தொடங்கும் முன்பே சரிபார்ப்புக்கான நிரலை எழுதி வைத்துவிட்டேன். இந்தத் துறையில் மூன்று விதமான வாக்குறுதிகள் உலவுகின்றன. முதலாவது, சுருக்கிய கோப்பிலிருந்து பழைய கோப்பை ஒரு பிட் பிசகாமல் திரும்ப எடுக்கலாம் என்பது. இரண்டாவது, கோப்பு வேறானாலும் பிக்சல்கள் அதே பிக்சல்கள் என்பது. மூன்றாவது, வித்தியாசம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்பது. விளம்பரங்கள் மூன்றாவதைத்தான் பெரும்பாலும் ‘தரம் குறையாத சுருக்கம்’ என்று கூவுகின்றன. எனக்கு முதல் இரண்டு மட்டுமே வேண்டும்.

பிஎன்ஜி கோப்புகளைச் சரிபார்க்க இமேஜ்மேஜிக் என்ற படக் கருவியைப் பயன்படுத்தினேன். அதன் ஒப்பிடும் கட்டளையில், எத்தனை பிக்சல்கள் வேறுபடுகின்றன என்று எண்ணிச் சொல்லும் அளவீடு ஒன்று உண்டு. பூஜ்யம் வந்தால் நல்லது. ஆனால் முழுக்க ஒளிபுகும் பகுதிகளின் அடியில் மறைந்திருக்கும் நிற எண்கள் மாறியிருந்தால், அந்த ஒப்பீடு அதைக் கண்டுகொள்ளாமல் விடக்கூடும். அதனால் ஒரு படி மேலே போய், பழைய படத்தையும் புதிய படத்தையும் 16 பிட் ஆழத்தில், சிவப்பு, பச்சை, நீலம், ஆல்பா (ஒளிபுகும் அளவு) என்ற வரிசையில் வெறும் எண் ஓடையாக அவிழ்த்து, இரண்டு ஓடைகளுக்கும் ஷா-256 கைரேகை (தரவு துளி மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) எடுத்து ஒப்பிட்டேன். ஜேபெக் கோப்புகளுக்கு டிஜேபெக் என்ற சிறு கருவியால் இரண்டையும் ஒரே விதமாக அவிழ்த்து அதே சோதனை. ஒத்துப்போகாத கோப்பை என் நிரல் உடனே தூக்கி எறிந்துவிட்டு மூலத்தை அப்படியே விட்டுவிடும்.

இந்தச் சோதனைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. பிக்சல்களை மட்டும் பார்ப்பதால், பிக்சல்களைச் சுற்றி இருப்பது எதுவும் அதன் கண்ணில் படாது. நிறச் சுயவிவரம் (பிக்சல் எண்கள் எந்த நிறங்களைக் குறிக்கின்றன என்ற விவரம்) தொலைந்தாலும், புகைப்படத்தை எந்தப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு தொலைந்தாலும் கைரேகை மாறாது, ஆனால் திரையில் படம் மாறிவிடும். எனவே கோப்பின் குறிப்புகளைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் கருவி கொண்டு இந்த இரண்டையும் தனியாகப் படித்து ஒப்பிடும் வரிகளையும் சேர்த்தேன். பின்னால் இந்த வரிகள்தான் அதிகம் உழைத்தன.

முதலில் பிஎன்ஜி. இந்த வடிவத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. 1994 இறுதியில், ஜிஃப் வடிவத்துக்குள் இருக்கும் சுருக்க முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்கப்பட்டபோது, இணையத்தில் கூடிய தன்னார்வலர்கள் காப்புரிமைச் சிக்கல் இல்லாத மாற்றாக இதை வடிவமைத்தார்கள். 1996 அக்டோபர் 1-இல் இது உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையானது. உள்ளே இருக்கும் டிஃப்ளேட் என்ற சுருக்க முறையும் எவரும் பயன்படுத்தக் கூடியது. இத்தனை திறமூலக் கருவிகள் இந்த வடிவத்தைச் சுற்றி முளைத்ததற்கு அந்தத் திறந்த கதவே காரணம்.

ஏற்கெனவே சுருங்கிய கோப்பை மேலும் எப்படிச் சுருக்க முடியும்? அவிழ்க்கும் விதிகளைத்தான் பிஎன்ஜி கறாராக வரையறுக்கிறது. எப்படிச் சுருக்குவது என்பது எழுதும் மென்பொருளின் விருப்பம். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் நிரலுக்கு வேகம் முக்கியம். அது ஒரு வழியை மட்டும் முயன்று கோப்பை எழுதிவிட்டு நகர்ந்துவிடும். நாம் பொறுமையாக உட்கார்ந்து பல வழிகளை முயன்று, இருப்பதிலேயே சிறியதை வைத்துக்கொள்ளலாம்.

முயல்வதற்கு இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. சுருக்கும் முன் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வடிகட்டி போடப்படுகிறது. எதுவும் செய்யாதது, இடப்பக்கப் பிக்சலைக் கழிப்பது, மேலே உள்ளதைக் கழிப்பது, இரண்டின் சராசரியைக் கழிப்பது, ஆலன் பேத் வகுத்த ஊகத்தைக் கழிப்பது என்று ஐந்து வகை. 100, 101, 102, 103 என்று மெல்ல ஏறும் சாயல் ஒன்று இடப்பக்கக் கழித்தலுக்குப் பின் 100, 1, 1, 1 ஆகிவிடும். ஒன்றுகள் வரிசையாக நின்றால் டிஃப்ளேட்டுக்குக் கொண்டாட்டம். அதுவே, நிறப் பட்டியலின் எண்களை மட்டும் தாங்கும் படமாக இருந்தால் இந்தக் கழித்தலுக்குப் பொருளே இல்லை. பட்டியலில் 7-ஆவது நிறத்துக்கும் 8-ஆவது நிறத்துக்கும் எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை. அங்கே வடிகட்டி போடாமல் விடுவதுதான் பெரும்பாலும் சிறிய கோப்பைத் தரும். இப்படிப் படத்துக்குப் படம் விடை மாறுவதால்தான் கருவிகள் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கின்றன.

இரண்டாவது அடுக்கு நிற வகை. இங்கேதான் அள்ளிக்கொண்டு போகலாம். ஸ்கேன் செய்த பக்கங்களில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஏ4 தாள், அங்குலத்துக்கு 300 புள்ளி. 2480 பெருக்கல் 3508 பிக்சல். பக்கத்தில் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறம் இல்லை. ஆனால் ஸ்கேனர் மென்பொருள் அதை 24 பிட் வண்ணப் படமாக எழுதி வைத்திருந்தது. சுருக்கத்துக்கு முன் அது 2 கோடியே 60 லட்சம் பைட்டுக்கும் மேல். சாம்பல் நிறப் படமாக்கினால் சுமார் 87 லட்சம். பிக்சலுக்கு ஒரு பிட் என்றால் 10,87,480 பைட். டிஃப்ளேட் தொடங்கும் முன்பே சரக்கு 24-இல் ஒரு பங்காகிவிட்டது, ஒரு புள்ளியும் மாறவில்லை. முன்பே டிஃப்ளேட் திரும்பத் திரும்ப வரும் பைட்டுகளை நன்றாகவே மடித்து வைத்திருந்ததால் முடிவில் கோப்பு அதே விகிதத்தில் குறையாது. ஆனாலும் இந்தப் பக்கங்களில்தான் எனக்குப் பெரிய ஆதாயம் கிடைத்தது.

பக்கத்தில் ஒரே ஒரு சாம்பல் புள்ளி இருந்தாலும் கருவி ஒரு பிட்டுக்கு இறங்காது. இறங்கக் கூடாது, அதுதான் நேர்மை. சில பக்கங்கள் 8 பிட் சாம்பலிலேயே நின்றதன் காரணம் அதுதான். அவற்றைக் கையால் கறுப்பு வெள்ளையாக்கலாமா என்று மனம் இழுத்தது. அது வேறு வேலை, இந்த வேலையின் விதிக்குள் வராது என்று விட்டுவிட்டேன். ஸ்கிரீன்ஷாட்டுகளிலும் இதே கதை: 256 நிறத்துக்குள் அடங்கும் உரையாடல் பெட்டிகள், எங்கும் ஒளிபுகாத படத்தில் வீணாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஆல்பா தடம் ஆகியவற்றைக் கருவிகள் தாமாகவே கண்டுபிடித்துக் களைந்தன.

நான் கையாண்ட முதன்மைக் கருவி ஆக்சிபிஎன்ஜி. ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது, எம்ஐடி என்ற திறமூல உரிமம், செயலியின் எல்லாக் கருக்களையும் (கோர்) வேலை வாங்கும். இதற்கு முன்னோடியான ஆப்டிபிஎன்ஜி இன்றும் நம்பகமானதுதான். ஆனால் ஒரே கருவில் ஓடுவதால் பெரிய கோப்புறைக்கு வெகுநேரம் பிடிக்கும். ஆக்சிபிஎன்ஜியில் 0 முதல் 6 வரை படிகள் உண்டு, இயல்பாக 2. நான் 4-இல் நிறுத்தினேன். அதற்கு மேல் போனால் நேரம் எகிறுகிறதே தவிர பைட்டுகள் அவ்வளவாகக் குறையவில்லை. புதிய கோப்பு பழையதைவிடச் சிறிதாக இல்லையென்றால் பழையதை அது தொடாமலே விட்டுவிடும் என்பது மனத்துக்கு நிம்மதி.

வாசகர் அடிக்கடி பதிவிறக்கும் சில படங்களுக்கு மட்டும் ஸாப்ஃப்ளியை முடுக்கினேன். கூகுளில் உருவாகி 2013-இல் வெளியான இந்த நூலகம் டிஃப்ளேட் ஓடையையே எழுதுகிறது, ஆனால் மிக விரிவாகத் தேடி எழுதுகிறது. வழக்கமான டிஃப்ளேட் நூலகமான ஸீலிப்பின் உச்சப் படியைவிட 3 முதல் 8 சதவீதம் வரை சிறிதாகும் என்று அதை உருவாக்கியவர்கள் குறிப்பிட்டார்கள். அதற்கு விலை, பல மடங்கு நேரம். அவிழ்ப்பவருக்கு எந்தத் தாமதமும் இல்லை என்பதுதான் இதன் அழகு. நாம் ஒரு முறை செலவிடும் நேரத்தின் பலனை, படத்தைத் திறக்கும் ஒவ்வொருவரும் சும்மா அனுபவிக்கிறார்கள்.

ஸாப்ஃப்ளியோடு வரும் தனிக் கட்டளையைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தக்கவைக்கச் சொல்லாவிட்டால் துணைத் துண்டுகளை அது உதிர்த்துவிடும். பிஎன்ஜி கோப்பு என்பது தலைப்பு, நிறப் பட்டியல், பிக்சல் தரவு, முடிவு என்று துண்டு துண்டாகக் கோத்த வடம். அதில் நிறச் சுயவிவரம், அச்சிடும்போது வேண்டிய அங்குல அளவு போன்ற துண்டுகளும் இருக்கும். பிஎன்ஜிசெக் என்ற கருவியை ஓட்டினால் இந்த வடம் முழுவதும் வரிசையாகத் தெரியும். என் ஸ்கேன் பக்கங்களில் அங்குல அளவு போய்விட்டால் அச்சுப் பதிப்பில் பக்கம் தாறுமாறான அளவில் விழும். ஆக்சிபிஎன்ஜியில் ‘பாதுகாப்பாக நீக்கு’ என்ற தெரிவைக் கொடுத்தால் இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு, எந்த மென்பொருள் எழுதியது, எப்போது எழுதியது என்பன போன்ற உரைக் குறிப்புகளை மட்டும் அப்புறப்படுத்துகிறது.

தெரிவுகளில் எல்லை தாண்டுபவை உண்டு, அவற்றைத் தெரிந்தே ஒதுக்கினேன். ஆல்பாவுக்கான கூடுதல் சுருக்கத்தை ஆக்சிபிஎன்ஜியில் கேட்டால், முழுக்க ஒளிபுகும் பிக்சல்களின் நிற எண்களை அது வசதிக்கேற்ப மாற்றிவிடும். திரையில் தெரியாதுதான். ஆனால் யாரேனும் அந்தச் சின்னத்தைத் திறந்து ஆல்பாவை அகற்றிப் பார்த்தால் அடியில் வேறு நிறம் கிடக்கும். 16 பிட் படத்தை வலுக்கட்டாயமாக 8 பிட்டாக்கும் தெரிவும் அப்படியே. கேட்காதவரை ஆக்சிபிஎன்ஜி இரண்டையும் செய்வதில்லை. பிஎன்ஜிகுவான்ட் என்ற கருவியையும் பலர் இந்த வரிசையில் சேர்த்துப் பேசுகிறார்கள். அது அருமையான கருவி, ஆனால் நிறங்களை 256-க்குள் குறைத்துத்தான் எடையைக் குறைக்கிறது. இந்த வேலைக்கு அது ஆகாது.

ஜேபெக் பக்கம் வந்தால் களமே வேறு. ஜேபெக் பிறக்கும்போதே எதையோ இழந்துதான் பிறக்கிறது. மிஞ்சியிருப்பதை மேலும் இழக்காமல் பார்த்துக்கொள்வதே நம் கடமை. படத் தொகுப்பு மென்பொருளில் திறந்து 100 என்ற தரத்தில் மீண்டும் சேமித்தாலும் எண்கள் மறுபடி வட்டமாக்கப்பட்டு மாறிவிடும். ஜேபெக்டிரான் என்ற கருவி அப்படிச் செய்வதில்லை. படத்தைப் பிக்சலாக அவிழ்க்காமல், 8 பெருக்கல் 8 கட்டங்களின் குணகங்கள் (ஒவ்வொரு கட்டத்துக்கும் ஜேபெக் சேமித்துள்ள எண்கள்) வரை மட்டும் பிரித்து, அவற்றை அப்படியே வேறு விதமாகப் பொதிகிறது.

கேமராக்கள் பலவும் அவசரத்தில், ஜேபெக் தர ஆவணம் மாதிரிக்குக் கொடுத்த ஹஃப்மன் அட்டவணைகளையே (அடிக்கடி வரும் எண்ணுக்குக் குறுகிய குறியைத் தரும் பட்டியல்கள்) பயன்படுத்துகின்றன. அந்தப் படத்துக்கென்றே அட்டவணை கட்ட வேண்டுமானால் தரவை இரண்டு தடவை கடந்து போக வேண்டும். கேமராவுக்கு அந்த அவகாசம் இல்லை. ஜேபெக்டிரானுக்கு உண்டு. அதோடு, வரிவரியாக எழுதாமல் முதலில் மங்கலாகவும் பிறகு படிப்படியாகத் தெளிவாகவும் தரவை அடுக்கும் முறைக்கு மாற்றினால், பெரிய படங்களில் இன்னும் கொஞ்சம் மிச்சமாகும். மொஸில்லா 2014-இல் வெளியிட்ட மோஸ்ஜேபெக்கின் ஜேபெக்டிரான் இவை இரண்டையும் கேட்காமலே செய்கிறது, அடுக்கும் வரிசையையும் முயன்று பார்த்துத் தேர்கிறது. நான் அதைத்தான் ஓட்டினேன். குட்டிப் படங்களில் சில நேரம் பழைய வரிவரி முறையே சிறிதாக இருக்கும். அங்கே என் நிரல் இரண்டையும் எழுதிப் பார்த்துச் சிறியதை எடுத்தது.

குறிப்புகளை நீக்கும் இடத்தில்தான் முன்பு சொன்ன வரிகள் உழைத்தன. கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் ஒன்று: உள்ளே பிக்சல்கள் படுக்கைவாட்டில்தான் இருக்கின்றன. ‘வலப்பக்கம் 90 பாகை திருப்பிக் காட்டு’ என்று, கேமரா எழுதும் குறிப்புகள் அடங்கிய எக்ஸிஃப் பகுதியில் 6 என்ற எண் மட்டும் இருக்கிறது. எல்லாக் குறிப்பையும் துடைத்துவிட்டால் அந்த 6-உம் போய், படம் ஒருக்களித்து விழுந்துவிடும். பிக்சல் கைரேகையோ எல்லாம் சரி என்று சத்தியம் செய்யும்.

சரி, பிக்சல்களையே நிரந்தரமாகத் திருப்பிவிட்டு 6-ஐ 1 ஆக்கிவிடலாமே என்று தோன்றும். ஜேபெக்டிரானால் இழப்பின்றித் திருப்பவும் முடியும், ஆனால் கட்டங்கள் முழுமையாக அமைந்தால்தான். அந்தப் படம் 4000 பெருக்கல் 3000. நிறத் தகவல் இரு திசையிலும் பாதியாக்கப்பட்டிருந்ததால் கட்டத்தின் அளவு 16 பெருக்கல் 16. 4000-ஐ 16-ஆல் வகுத்தால் சரியாக 250. 3000-ஐ வகுத்தால் 187 போக 8 வரிசைகள் மிச்சம். கீழ் ஓரத்தின் அந்த அரைக் கட்டம் திருப்பிய பின் இடது ஓரத்துக்கு வந்தாக வேண்டும்; ஜேபெக்கில் அரைக் கட்டம் வலது ஓரத்திலும் கீழேயும் மட்டுமே நிற்க முடியும். துல்லியமாக முடிந்தால் மட்டும் செய் என்ற தெரிவைக் கொடுத்தபோது கருவி மறுத்து நின்றது. எட்டு வரிசையை நறுக்க எனக்குச் சம்மதமில்லை. எக்ஸிஃபை வைத்துக்கொண்டு, எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையையும் உள்ளே ஒளிந்திருக்கும் சிறு முன்னோட்டப் படத்தையும் மட்டும் எக்ஸிஃப்டூலால் அகற்றினேன். இருப்பிடத்தை அகற்றியது எடைக்காக அல்ல. பொதுவில் வைக்கும் படத்தில் அது இருக்கக் கூடாது.

நிறச் சுயவிவரத்துக்கும் இதே கவனம் வேண்டும். அகன்ற நிறவெளியில் எடுத்த படத்திலிருந்து சுயவிவரத்தைப் பிடுங்கிவிட்டால், உலாவி அதை வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளி என்று எண்ணிக்கொண்டு சோகையாகக் காட்டும். இன்னொன்றும் இருக்கிறது: அசையும் புகைப்படங்களைச் சில கைபேசிகள் ஜேபெக்கின் முடிவுக் குறிக்குப் பின்னால் காணொளியை ஒட்டி எழுதுகின்றன. ஜேபெக்டிரான் முடிவுக் குறியோடு படிப்பதை நிறுத்திவிடும். கோப்பு பாதிக்கும் கீழே இறங்கியதைக் கண்டு மகிழ்ந்தால், காணாமல் போனது அந்தக் காணொளியாக இருக்கும். ஜேபெக்கில் சில சதவீதம் முதல் பத்து சதவீதம் போலக் குறைவதே இயல்பு. அதைத் தாண்டி ஒரு கோப்பு இளைத்தால் நிறுத்தி விசாரிக்கும்படி நிரலில் ஒரு வரம்பு வைத்தேன்.

வெப்பி என்ற பட வடிவத்தின் இழப்பற்ற முறையையும் பார்த்தேன். பிஎன்ஜியைவிடச் சராசரியாக 26 சதவீதம் சிறிது என்று கூகுள் சொல்கிறது. என் ஸ்கிரீன்ஷாட்டுகளில் அது மிகையாகத் தோன்றவில்லை. ஆனால் நிறத் தடத்துக்கு 8 பிட் மட்டுமே தாங்கும், அகலத்துக்கும் உயரத்துக்கும் 16,383 பிக்சல் உச்சம், ஒளிபுகும் பகுதியின் நிறங்களைக் காக்க வேண்டுமென்றால் அதற்கான தெரிவைத் தனியே கேட்க வேண்டும். கையேட்டைப் பல பழைய கருவிகள் திறக்கின்றன என்பதால் பிஎன்ஜியிலேயே தங்கிவிட்டேன். ஜிஃப் கோப்புகள் கொஞ்சம்தான். அவற்றுக்கு ஜிஃப்சிக்கிள் என்ற கருவியின் மூன்றாம் படி போதும்.

கட்டளை வரி ஒத்துவராதவர்களுக்கும் வழி இருக்கிறது. மேக்கில் இமேஜ்ஆப்டிம், விண்டோஸில் ஃபைல்ஆப்டிமைசர், லினக்ஸில் டிரிமேஜ் அல்லது கர்டெய்ல் ஆகியவை இதே இயந்திரங்களை உள்ளே வைத்து ஓட்டுகின்றன. அமைப்புகளைத் திறந்து, இழப்புள்ள சுருக்கம் அணைந்திருக்கிறதா, குறிப்புகளில் எதை நீக்குகிறது என்று பார்த்துவிட்டே படங்களை இழுத்துப் போடுங்கள்.

மூலப் புகைப்படங்களின் காப்பகத்துக்கு ஜேபெக் எக்ஸ்எல் என்ற பட வடிவத்தை எடுத்தேன். முதல் வாக்குறுதியை முழுமையாகக் காப்பாற்றுவது அதுதான். ஐஎஸ்ஓ 18181 என்ற தரத்தின் திறமூல நூலகம் லிப்ஜேஎக்ஸ்எல். அதன் சுருக்கியிடம் ஒரு ஜேபெக் கோப்பைக் கொடுத்தால், இயல்பாகவே குணகங்களைத் தொடாமல் அவற்றைப் பொதியும் முறையை மட்டும் நவீனமாக்குகிறது. எடை ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைகிறது. அவிழ்த்தால் வருவது அதே பிக்சல்கள் மட்டுமல்ல, அதே பைட்டுகள். மூலத்தின் ஷா-256 எண்ணையும் அவிழ்த்த கோப்பின் எண்ணையும் அடுத்தடுத்து வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவதைப் பார்த்த பிறகே ஒவ்வொரு மூலத்தையும் நீக்கினேன். இணையப் பக்கத்துக்கு இதை வைக்கவில்லை. சஃபாரி 17-ஆம் பதிப்பிலிருந்து காட்டினாலும், குரோம் 110-ஆம் பதிப்பில் சோதனை ஆதரவை விலக்கிக்கொண்ட வரலாறு இருக்கிறது. காப்பகத்துக்கு உலாவி எதற்கு?

கையேட்டின் கோப்புகள், பழைய பதிப்புகளையெல்லாம் காத்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் இருக்கின்றன. சுருக்கிய படங்களை அங்கே ஏற்றினால் களஞ்சியம் சிறிதாகாது, பெரிதாகும்; பழைய கோப்புகள் வரலாற்றில் அப்படியே கிடக்க, புதியவை மேலே சேரும். பதிவிறக்கும் தொகுப்பு இளைப்பதற்காக இதை ஒரு முறை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கருவியின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் முழுக் கோப்புறையையும் மறுபடி ஓட்டினால், நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான லாபத்துக்காக வரலாறு வீங்கும். அதனால் இரண்டு ஏற்பாடுகள் செய்தேன். ஏற்கெனவே உள்ள படத்தை மாற்ற, குறைந்தது இரண்டு சதவீதமாவது மிச்சமாக வேண்டும். புதிய படங்களோ, களஞ்சியத்துக்குள் நுழையும் முன்பே, ஒவ்வொரு பதிவுக்கும் முன் தானாக ஓடும் கிட்டின் கொக்கி நிரலில் ஆக்சிபிஎன்ஜியையும் ஜேபெக்டிரானையும் கடந்து, கைரேகைச் சோதனையில் தேறியே வர வேண்டும். தேறாவிட்டால் கொக்கி கோப்பின் பெயரைச் சொல்லிப் பதிவை மறுக்கிறது. பங்களிப்பவர் மூலப் படத்தை அப்படியே ஏற்ற விரும்பினால், காரணத்தை ஒரு வரியில் எழுதி விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். இப்போதைக்கு அந்தப் பட்டியலில் இருப்பவை இரண்டு வகை: படத் தொகுப்பு மென்பொருள் தன் அடுக்குகளைத் தனித் துண்டுகளில் சேமித்து வைத்திருக்கும் பிஎன்ஜி மூலங்கள், காணொளி ஒட்டிய புகைப்படங்கள்.